ரெண்டு வயசானா அடங்கிடும்

நாய் வளர்ப்பவர்களிடம் கைமாறிக்கொண்டே இருக்கும் ஒரு வாக்கியம் உண்டு. குட்டி சோபாவைக் கிழித்துவிட்டதா? ரெண்டு வயசானா அடங்கிடும். கூப்பிட்டால் வருவதில்லையா? ரெண்டு வயசானா அடங்கிடும். குட்டியை விற்றவர் சொல்வார், ஊசி போடும் டாக்டர் சொல்வார், லிஃப்டில் கூட வரும் மேல்வீட்டுக்காரர் சொல்வார். பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதில் எவ்வளவு உண்மை, யாருக்கு உண்மை என்று உட்கார்ந்து பார்க்கணும்னு எனக்கு ரொம்ப நாளாக ஓர் அரிப்பு. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த ரெண்டு வயசு வரைக்கும் காத்திருக்காதவன்.

2011-ல் கோவையில், இரண்டாம் மாடி வாடகை வீட்டில், ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினோம். ஜிம்மி. ஐந்து மாதத்தில் உட்கார் என்றால் உட்காருவான், வா என்றால் காது பறக்க ஓடி வருவான். நல்ல பையன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டாவது மாதத்தில் எல்லாம் தலைகீழ். உட்கார் என்றால் என்னைப் பார்ப்பான், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். கதவு நிலையைக் கடித்துத் துப்பினான். பல் முளைக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறேழு மாதத்தில் நிரந்தரப் பல் வந்து முடிந்துவிடும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. பத்தாவது மாதத்தில் ஒருநாள் வாசலில் அம்மா மீது பாய்ந்தான். அன்பாகத்தான். அம்மா விழுந்து மணிக்கட்டில் விரிசல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மனைவியின் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் நாய்ப் புத்தகங்கள் படிக்க ஆரம்பித்தேன். பரிட்சை முடிந்த பிறகு பாடப்புத்தகம் வாங்குகிற மாதிரி.

எல்லோரும் கையில் கொடுத்த முதல் புத்தகம் ஜான் குரோகனின் 'மார்லி அண்ட் மீ'. 2005-ல் வந்தது. உலகத்திலேயே மோசமான நாயோடு வாழ்ந்த கதை என்று துணைத்தலைப்பிலேயே அறிவித்துவிடுவார். குரோகன் பத்திரிகைகளில் பத்தி எழுதுபவர். ஃபுளோரிடாவில் புதிதாகக் குடித்தனம் தொடங்கிய தம்பதி, குழந்தைக்கு முன்னால் ஓர் ஒத்திகை போல மஞ்சள் லாப்ரடார் குட்டி ஒன்றை வாங்குகிறார்கள். அது இடிச் சத்தம் கேட்டால் சுவரைப் பிராண்டிப் பெயர்க்கும். தங்கச் சங்கிலியை விழுங்கும். பயிற்சி வகுப்பிலிருந்து அதை வெளியே அனுப்பிவிடுவார்கள். பிறகு விதைநீக்க அறுவை செய்து மறுபடியும் சேர்த்து, கடைசிக்கு முந்தின இடத்தில் ஒருவழியாகத் தேறும்.

புத்தகத்தின் பலம் அதன் நேர்மை. நாய் உடைத்த பொருளுக்கு என்ன செலவானது, எத்தனை தடவை தலையில் கைவைத்து உட்கார்ந்தார் என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதுகிறார். சிரிப்பு வருகிறது. நான் சிரித்தேன், அதுவும் கொஞ்சம் அதிகமாகவே.

என் புகார் வேறு. இந்தப் புத்தகத்தில் காலம் தானாகவே வேலை செய்கிறது. குழந்தை பிறக்கிறது, அடுத்த குழந்தை பிறக்கிறது, வீடு மாறுகிறது, வேலை மாறுகிறது, ஃபுளோரிடாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடும்பமே போகிறது. ஒவ்வோர் இடப்பெயர்ச்சிக்குப் பிறகும் மார்லி கொஞ்சம் வயசானவனாக, கொஞ்சம் சகித்துக்கொள்ளக்கூடியவனாக வந்து நிற்கிறான். நடுவில் என்ன நடந்தது? ஆள் மேல் பாய்வதை எப்போது நிறுத்தினான், யார் நிறுத்தினார்கள்? ஓரளவுக்கு மேல் பதில் இல்லை. நாய் உடைத்த கதை விலாவாரியாகக் கிடைக்கிறது. உடைப்பதை விட்ட கதை கிடைப்பதில்லை. எழுதுபவனுக்கு அதில் சுவாரசியம் குறைவு என்பது புரிகிறது. பக்கத்தில் நிற்கும் ஆளின் மேல் பாயாமல் நாலு காலையும் தரையில் வைத்துக்கொண்டு நிற்கும் நாயைப் பற்றி எத்தனை வரி எழுத முடியும்? ஆனால் என்னைப் போல அந்த நடுப்பகுதியில் தோற்றவனுக்கு வேண்டியது அதுதான்.

ஓர் அத்தியாயம் மட்டும் விதிவிலக்கு. இரண்டாவது குழந்தை பிறந்தபின் குரோகனின் மனைவி ஜென்னி பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருக்கிறார். நாயை வெளியே அனுப்பு, இல்லாவிட்டால் முடியாது என்கிறார். குரோகன் பயந்துபோய் நாயைத் திருத்தும் வேலையில் இறங்குகிறார். கடைசியில் ஜென்னியின் மனசு மாறுகிறது, நாய் தங்குகிறது. இந்த அத்தியாயத்தை நான் மூன்று தடவை படித்தேன். ஏன்னா, எங்கள் வீட்டில் நடந்ததும் இதேதான், முடிவு மட்டும் வேறு. கூர்ந்து பார்த்தால் மார்லி தப்பியதற்கு வயசு காரணமில்லை. ஒருத்தர் பதறிப்போய் வேலை செய்தார், இன்னொருத்தர் உடல் தேறி வந்தார், இரண்டும் ஒரே சமயத்தில் அமைந்தது. புத்தகத்தின் உண்மையான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. நகைச்சுவைச் சம்பவங்களுக்குக் கிடைத்த இடமும் கவனமும் இதற்குக் கிடைக்கவில்லை.

2008-ல் டேவிட் ஃபிராங்கல் இயக்கத்தில் படமாகவும் வந்தது. படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும். நாயின் வெவ்வேறு வயதைக் காட்ட 22 லாப்ரடார்களை நடிக்க வைத்தார்கள். திரையில் ஒரு நாய் வளர்ந்து பக்குவமாவதைப் பார்த்து நாம் கண் கலங்குகிறோம். அங்கே எந்த நாயும் வளரவில்லை. அடங்காத நாயை எடுத்துவிட்டு அடங்கின நாயை வைத்திருக்கிறார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, "ரெண்டு வயசானா அடங்கிடும்" என்று சொல்பவர்கள் பலரும் மனசில் ஓட்டும் படமும் இப்படி வெட்டி ஒட்டியதுதான்.

புத்தகத்தின் கடைசியில் இன்னொரு விஷயம் வருகிறது. மார்லி இறந்தபின் குரோகன் ஃபிலடெல்ஃபியா பத்திரிகையில் ஒரு பத்தி எழுதுகிறார். வாசகர்களிடமிருந்து நூற்றுக்கணக்கில் பதில்கள். என்னுடையதுதான் உலகத்திலேயே மோசமான நாய், உங்களுடையது எம்மாத்திரம் என்று போட்டி போட்டு எழுதியிருக்கிறார்கள். குரோகனுக்கு அது ஆறுதல். எனக்கு அது ஒரு புள்ளிவிவரப் பிழை. யார் எழுதியிருப்பார்கள்? மோசமான நாயைக் கடைசிவரை வைத்திருந்தவர்கள் எழுதியிருப்பார்கள். பத்தாவது மாதத்தில் கொண்டுபோய் விட்டவன் அப்படி ஒரு கடிதம் எழுத மாட்டான். ஆக, எல்லா மோசமான நாயும் கடைசியில் தங்கமாக மாறியது என்ற முடிவு தானாக வந்து விழும். மாறாத நாய்களும், மாறும்வரை பொறுக்காத வீடுகளும் கணக்கிலேயே வராது.

இது சின்னக் கூட்டமும் இல்லை. அமெரிக்காவில் 12 விலங்குக் காப்பகங்களில், நாய் பூனைகளை உரிமையாளர்கள் ஏன் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று பார்த்த ஒரு பெரிய ஆய்வு 1998-ல் வெளிவந்தது. விடப்பட்ட நாய்களில் ஏறக்குறையப் பாதி ஐந்து மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்டவை. முதிர்ந்தால் சரியாகும் என்ற வாக்கியம் எந்த வயதை மனசில் வைத்துச் சொல்லப்படுகிறதோ, கிட்டத்தட்ட அதே வயது. சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஜிம்மி விஷயத்தில் அந்த நடுவில் உள்ள ஒன்றரை வருஷத்துக்கு என்ன செய்யணும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

இப்போது ஆய்வுக்கு வருகிறேன். 2020 மே மாதம், ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர், நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட குழு எழுதியது. தலைப்பில் "பதின்பருவ நாய்களா?" என்ற பொருளில் ஒரு கேள்விக்குறி இருந்தது. நான் பார்த்த செய்தித் தலைப்புகளில் அந்தக் கேள்விக்குறி காணாமல் போயிருந்தது. சரி, அது வழக்கம்தானே.

அவர்கள் எடுத்துக்கொண்டவை பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பணிக்காக வளர்க்கப்படும் குட்டிகள்: லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், இவற்றின் கலப்பு. 69 நாய்களிடம் ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் ஒரே சோதனை: உட்கார் என்று சொல்வது. சொல்பவர் ஒருமுறை வளர்ப்பவர், ஒருமுறை அறிமுகமில்லாதவர். எட்டு மாதத்தில், வளர்ப்பவர் சொன்னபோது நாய்கள் முன்பைவிடக் குறைவாகக் கேட்டன. அந்நியர் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. முன்பைவிட நன்றாகவே கேட்டன. இதோடு 285 நாய்களைப் பற்றிய கேள்விப் படிவங்களும் உண்டு. அதிலும் அதே கதை. வளர்ப்பவர்கள் எட்டு மாதத்தில் நாய்க்குக் குறைவான மதிப்பெண் போட்டார்கள், ஐந்து மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் நல்ல மதிப்பெண். பயிற்சியாளர்களோ அதே காலகட்டத்தில் நாய் முன்னேறியிருப்பதாகச் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன் அண்ணன் ஞாபகம் வந்தார். ஜிம்மி எட்டு ஒன்பது மாதமாக இருந்தபோது, கீழே நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன். அவர் நாற்காலியை விட்டு எழாமலே "ஜிம்மி, உட்காரு" என்பார். உட்காருவான். "நீங்க ரொம்பச் செல்லம் குடுக்கறீங்க சார்" என்பார். எனக்கு அவமானமாக இருக்கும். இந்த நாய் என்னை மட்டும் மதிப்பதில்லை, என்னிடம் ஏதோ கோளாறு, அல்லது அதற்கு என்மேல் ஏதோ வன்மம் என்றெல்லாம் யோசித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு நிலையைக் கடிக்கும் சத்தம் கேட்டுப் படுத்திருந்தால் நீங்களும் அப்படித்தான் யோசிப்பீர்கள். ஒன்பது வருஷம் கழித்து ஒரு கட்டுரை வந்து, அது வளர்ப்பவரிடம் மட்டும் அந்த வயதில் காணப்படும் ஒன்று, பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டிக் கடந்து போகும் என்கிறது. நான் பத்தாவது மாதத்தில் விட்டுவிட்டேன்.

ஆய்வைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். ஒரே ஒரு கட்டளை, ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த சில இனங்கள். நம் தெருநாய்க்கோ, ராஜபாளையத்துக்கோ இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஆய்வாளர்கள் சொன்ன எச்சரிக்கை முக்கியமானது: இந்தக் கட்டத்தில் நாயைத் தண்டிப்பதும், மனசளவில் அதைவிட்டு விலகுவதும் நிலைமையை மோசமாக்கக்கூடும். நான் இரண்டையும் செய்தேன். முதலில் அடித்தேன், பிறகு அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டேன். "அடங்கிடும்" என்ற வாக்கியத்தின் கெடுதல் இங்கேதான் என்று இப்போது நினைக்கிறேன். தானாக அடங்கும் என்றால் நான் ஒன்றும் செய்ய வேண்டாம். அடங்காவிட்டால் தப்பு நாயுடையது.

இரண்டாவது புத்தகம் ஜே. ஆர். ஆக்கர்லி எழுதிய 'மை டாக் துலிப்', 1956. ஆக்கர்லி பிபிசி நடத்திய 'தி லிசனர்' இதழின் இலக்கிய ஆசிரியராக இருந்தவர். 1920-களில் சத்தர்பூர் சமஸ்தானத்தில் மகாராஜாவுக்குச் செயலாளராகச் சில மாதங்கள் இருந்துவிட்டுப் போய் 'ஹிந்து ஹாலிடே' எழுதிய அதே ஆள். துலிப் ஓர் அல்சேஷன் பெண் நாய். நிஜப் பெயர் குவீனி. மார்லியைப் படித்துச் சிரித்தவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நெளிவார்கள். நாயின் மலஜலம், பருவம், இணைசேர்க்கும் முயற்சிகள் என்று எதையும் விடாமல் எழுதியிருப்பார். நம் ஊரில் யாராவது இப்படி எழுதினால் புத்தகத்தைப் பேப்பர் போட்டுக் கட்டித்தான் விற்கணும்.

முதல் அத்தியாயத்தில் துலிப்பை டாக்டரிடம் கூட்டிப்போகிறார். போகிற இடமெல்லாம் ரகளை. தொட விடாது, குரைக்கும், பாயும். கடைசியில் ஒரு பெண் கால்நடை மருத்துவர் கிடைக்கிறார். அவர் செய்தது ஒன்றே ஒன்று: ஆக்கர்லியை அறையை விட்டு வெளியே போகச் சொல்கிறார். அவர் போனதும் நாய் சாதுவாகப் பரிசோதனைக்கு நிற்கிறது. நாயிடம் ஒன்றுமில்லை, தொந்தரவு நீங்கள்தான் என்ற பொருளில் ஆக்கர்லியிடம் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். அது உங்கள்மேல் உயிராக இருக்கிறது, உங்களைக் காப்பாற்றும் கவலையில்தான் இத்தனை கூத்தும் என்கிறார்.

2020 ஆய்வின் சாரத்தை இந்தக் காட்சியில் பார்த்துவிட முடியும் என்று எழுதத் தோன்றியது. எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன், ஏன்னா அது சரியில்லை. துலிப்பின் பிரச்சினை பயமும் காவலும். ஜிம்மியுடையது அந்த வயசின் முரண்டு. ஒன்றை மற்றொன்றாக்கக் கூடாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, நாயின் நடத்தை நாய்க்குள் மட்டும் இல்லை என்பது. எதிரில் யார் நிற்கிறார்கள் என்பதும் அதில் பாதி. குரோகன் இதை எங்கேயும் பிடிக்கவில்லை. அவருக்கு மார்லி ஒரு சுபாவம், ஒரு புயல். புயல் ஓயும்வரை வீட்டுக்காரர் பொறுத்தார், அவ்வளவுதான். ஆக்கர்லி முதல் அத்தியாயத்திலேயே தன்னைக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். அதனால்தான் எனக்கு ஆக்கர்லி பெரிய எழுத்தாளர்.

ஆனாலும் ஆக்கர்லியிடம் ஒரு மனக்குறை உண்டு. துலிப் அவரிடம் வந்தபோது அதற்குச் சுமார் ஒன்றரை வயது. அதற்கு முன் ஒரு குடும்பத்தில் இருந்தது. பின்கட்டில் தனியாகக் கிடந்தது, வெளியே கூட்டிப்போக ஆளில்லை, அடியும் வாங்கியிருக்கிறது. அந்தக் குடும்பத்தை ஆக்கர்லி சில வரிகளில் முடித்துவிடுகிறார். அந்தச் சில வரிகளில் இருப்பவன் நான். மார்லி புத்தகத்தில் எனக்கு இடமே இல்லை, துலிப் புத்தகத்தில் நான் வில்லன். முதல் வீட்டைப் பற்றி யாராவது ஒரு புத்தகம் எழுதியிருக்கலாம்.

சரி, வயசானால் உண்மையிலேயே என்ன மாறுகிறது? வியன்னாவில் பார்டர் கோலி இன நாய்கள் 217-ஐச் சோதித்த ஓர் ஆய்வும் 2020-ல்தான் வந்தது. ஆறு மாதக் குட்டியிலிருந்து 15 வயதுக் கிழம் வரை. அதில் 37 நாய்களை நாலு வருஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். குணங்கள் வயதோடு மாறுகின்றன, ஆனால் எல்லாம் ஒரே சமயத்தில் இல்லை. ஓட்டமும் துறுதுறுப்பும் குறைகின்றன. புதிய பொருளைப் பார்த்தால் பாயும் ஆர்வம் மூன்று வயதுவாக்கில் இறங்கத் தொடங்குகிறது. ஒரு சிக்கலைக் கவனம் வைத்து அவிழ்க்கும் திறனோ ஆறு வயதுவரை ஏறிக்கொண்டே போகிறது. எனவே ரெண்டு வயது என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கதவு மூடி இன்னொன்று திறப்பதாக இல்லாமல், பல திரைகள் வெவ்வேறு வேகத்தில் இறங்குவது போலத்தான் இருக்கிறது. கற்றுக்கொடுக்கிறவனுக்கு இது நல்ல செய்தி. ரெண்டு வயதில் நாய் "அடங்கி" முடிந்துவிடவில்லை, இன்னும் நாலு வருஷம் அது கெட்டிக்காரத்தனத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.

கெட்ட செய்தியும் உண்டு. சில விஷயங்கள் வயசானால் கூடத்தான் செய்யும். ஃபின்லாந்தில் 13,700 நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்குச் சத்தத்தின் மேல் பயம். வயது கூடக்கூட இந்தப் பயம், முக்கியமாக இடி பயம், கூடியது. தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிற நாயை "அடுத்த வருஷம் பழகிடும்" என்று விட்டவர்கள் இதைக் கவனிக்கணும். மார்லியின் இடி பயத்தை குரோகன் ஒரு தொடர் நகைச்சுவையாகவே எழுதுகிறார். கால் நகம் பெயர்ந்து ரத்தம் வரும்வரை சுவரைத் தோண்டும் ஒரு மிருகத்தின் நிலை அது என்பது இரண்டாம் வாசிப்பில்தான் எனக்கு உறைத்தது. அறுவைசெய்தால் சாந்தமாகிவிடும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். ஊர் சுற்றுவது, கண்ட இடத்தில் காலைத் தூக்குவது போன்றவை குறையும். பயமும் துள்ளலும் அதற்குக் கட்டுப்படுவதில்லை.

ஜிம்மிக்கு வருகிறேன்.

தோப்பில் விட்ட முதல் மாதம் ரெண்டு கோழி காலி. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். பெரியப்பா எனக்கு அதைச் சொல்லவே இல்லை, பெரியம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் எந்தப் பயிற்சிப் புத்தகமும் படித்தவர் கிடையாது. விடியக்காலை மடை திருப்பப் போகும்போது கூடவே கூட்டிப்போவார். மேலே பாய்ந்தால் திட்டாமல் திரும்பி நின்றுகொள்வார். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் உட்காரும்வரை பீடி பிடித்தபடி நிற்பார். கருப்பன் என்று ஒரு கிழட்டு நாய் ஏற்கெனவே அங்கே இருந்தது, அது பாதி வேலையைப் பார்த்திருக்கும். அடுத்த பொங்கலுக்குப் போனபோது சாளைத் திண்ணையில் குழந்தைகள் அவன்மேல் காலைப் போட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங் மாப்ள, இவனையா அடங்க மாட்டேங்கறான்னு சொன்னீங்க?" என்றார் பெரியப்பா. கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருப்பானா? அந்தக் கேள்வியை எத்தனை ஆய்வை வைத்தும் என்னால் தீர்க்க முடியவில்லை. எட்டு மாதச் சரிவு தானாகக் கடந்திருக்கும், சரி. ஆனால் இரண்டாம் மாடியில், காலை பத்து நிமிஷம் மாலை பத்து நிமிஷம் மட்டும் வெளியே போய்வரும் ஒரு லாப்ரடாருக்கு, கோபத்தோடு இருக்கும் என்னிடம், எந்த மாதிரிப் பக்குவம் வந்திருக்கும்? பயந்து ஒடுங்கியிருந்தாலும் வெளியிலிருந்து பார்க்க அதுவும் அடங்கியதாகத்தானே தெரிந்திருக்கும்? அம்மா இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை. அவனைக் கொண்டுபோன அன்று மட்டும், கட்டுப்போட்ட கையோடு வந்து அவன் தட்டைக் கழுவிப் பையில் வைத்தார்.

2020 கடைசியில், பஸ் ஓட ஆரம்பித்தபின், ஆய்வைப் படித்த சூட்டோடு தோப்புக்குப் போனேன். ஜிம்மிக்கு ஒன்பது வயது. மோட்டார் ரூம் நிழலில் படுத்திருந்தான். வாலை மட்டும் ரெண்டு தட்டுத் தட்டினான். எல்லோரும் ஒரே குரலில், வயசாயிருச்சு, சாதுவாயிட்டான், ஒரு தொந்தரவும் இல்லை என்றார்கள். பெரியம்மாவுக்கு அதில் ஒரு பெருமைகூட. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தபோது முன்னங்கால் எழுந்தது, பின்பக்கம் வரவில்லை. இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தான். மார்லியின் கடைசி அத்தியாயங்களில் படியேற முடியாமல் நிற்பது ஞாபகம் வந்தது.

"டாக்டர்கிட்ட காட்டலாமுங் பெரீப்பா," என்றேன். "வயசான நாய்க்கு என்னத்தைக் காட்டறது" என்றார். ஆனால் மறுநாளே மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். இடுப்பு மூட்டில் தேய்மானம். வலிக்கு மாத்திரை, உடம்பு எடையைக் குறைக்கணும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பெரியப்பாவிடமிருந்து போன்.

"மாப்ள, மறுபடியும் ஆரம்பிச்சுட்டானுங்க. கொடியில காயப்போட்ட துண்டைக் காணோம். தோப்பு பூரா தேடீட்டு இருக்கறனுங்."